அமெரிக்கப் பல்கலைக்கழக வேலைக்குக் கிளம்புமுன்: பணக்கணக்கும் நாட்கணக்கும்

முனைவர் பட்டம் கைக்கு வந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலைக்கான கடிதமும் வந்துவிட்டால், நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது அதிலுள்ள ஆண்டுச் சம்பளத்தை அன்றைய டாலர் விலையால் பெருக்கிப் பார்ப்பதுதான். 60,000 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 54 லட்சம். வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். வேறு எதற்கும் அந்தப் பெருக்கல் உதவாது. இரண்டு ஆண்டு முடிவில் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதைச் சம்பளத் தொகையைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை சில தேதிகள்: இந்தியாவை விட்டுக் கிளம்பிய நாள், அமெரிக்காவில் இறங்கிய நாள், மருத்துவக் காப்பீடு தொடங்கிய நாள், திரும்பிய நாள். இரண்டு நாடுகளின் வரிச் சட்டங்களும் இந்தத் தேதிகளைத் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எண்ணுகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து ஜே-1 என்னும் பரிமாற்ற வருகையாளர் விசாவில், ஆராய்ச்சியாளராக, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எச்-1பி என்னும் வேலை விசாவில் போகிறவர்களுக்கும் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கும் விதிகள் பல இடங்களில் மாறும். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், முடிவெடுக்கும் முன் ஊரில் ஓர் ஆடிட்டரிடமும் அங்கே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டினர் வரிப் பிரிவிலும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் தேதி

இந்திய வருமான வரிச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால் உள்நாட்டில் வசிப்பவராகவும், அதற்குக் குறைவாக இருந்திருந்தால் வெளிநாடுவாழ் இந்தியராகவும் கருதப்படுவார். ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 என்பது 181ஆவது நாள். ஆகவே செப்டம்பர் 28க்குள் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அமெரிக்காவில் வாங்கும் சம்பளத்தை இந்தியாவில் வரிக்குக் காட்ட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் பன்னாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவை என்பதால், பயணச்சீட்டில் 29 என்று போட்டிருந்தால் முத்திரையும் 29ஆம் தேதிக்கே விழக்கூடும். விளிம்பில் நின்று விளையாடாமல் ஒரு வாரம் முன்னதாகவே கிளம்புவது நல்லது.

என் நண்பர் ஒருவர், ஆயுத பூஜை முடித்துவிட்டுப் போ என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்பினார். அந்த ஒரு வாரத்தால் அவர் அந்த நிதியாண்டு முழுவதற்கும் உள்நாட்டில் வசிப்பவர் ஆனார். உள்நாட்டில் வசிப்பவருக்கு உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் வரி உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 5,000 டாலர் வீதம் 30,000 டாலர், அதாவது 27 லட்சம் ரூபாய் என்று கொண்டால், 2025-26க்கான புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போக வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 3 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய் வருகிறது. அமெரிக்காவில் வரி கட்டியிருந்தால் அதை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் நண்பரோ, கீழே நான் சொல்லப்போகும் வரி ஒப்பந்த விலக்கை அமெரிக்காவில் கேட்டுப் பெற்றிருந்தார். அங்கே ஒரு டாலரும் கட்டாததால் இங்கே கழிக்கவும் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டின் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அமெரிக்க வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்கா எண்ணும் விதம் வேறு. அங்கே வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜே-1 ஆராய்ச்சியாளர் பொதுவாக முதல் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்கு, வரிக் கணக்கில், அங்கே வசிக்காதவராகவே கருதப்படுவார். ஆண்டு என்றால் ஆண்டின் எந்தப் பகுதியும் ஓர் ஆண்டுதான்: டிசம்பர் 29ஆம் தேதி இறங்கினாலும் அந்த மூன்று நாட்கள் ஒரு முழு ஆண்டைத் தின்றுவிடும். இந்த இரண்டு ஆண்டுகளில், ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் என்று சம்பளத்தில் எடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. இதற்கு முன் மாணவர்களுக்கான எப்-1 அல்லது ஜே-1 விசாவில் அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும்.

இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறங்குவதுதான் ஆக மோசம். ஆவணியில் கிளம்பினால் இந்திய வரி இல்லை. தை மாதக் கடைசியில், பிப்ரவரி முதல் வாரத்தில் கிளம்பினால் அந்த நிதியாண்டில் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே இந்தியக் கணக்கில் விழும். அது 9 லட்சம் ரூபாய் அளவில்தான் இருக்கும் என்பதால், உள்ளூர் வருமானம் பெரிதாக இல்லாத பட்சத்தில் 12 லட்சம் வரையிலான தள்ளுபடிக்குள் அடங்கி வரி ஏதும் வராது. அமெரிக்கப் பக்கமோ ஏறக்குறைய முழு இரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கிளம்பாதே என்று பாட்டி சொல்வதற்கு வரிச் சட்டம் காரணமில்லைதான். இருந்தாலும் ஆவணியும் தையும் இவ்வளவு பொருந்திவருவது எனக்கு ஒரு சின்ன வேடிக்கை. வேலை தொடங்கும் தேதியைப் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதி தீர்மானிக்கிறது என்றாலும், ஒன்றிரண்டு மாதம் முன்பின் தள்ளிக் கேட்பதில் தவறில்லை. விசாவுக்கான டிஎஸ்-2019 படிவம் அச்சாகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கையில் கொண்டுபோக வேண்டிய பணம்

இறங்கிய அன்றே சம்பளம் ஓடத் தொடங்காது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வருகையைப் பதிந்து, அந்தப் பதிவு அரசின் கணினிக்குப் போய்ச் சேர்ந்து, சுமார் பத்து நாட்கள் கழித்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பித்து, அது வந்த பிறகு சம்பளப் பிரிவில் எல்லாம் சரியாவதற்குள், அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடப்பட்டிருக்கும். ஆகஸ்ட் 20ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில் வருவது சாதாரணம். ஆகவே இரண்டரை மாதச் செலவுக்கு உரிய பணம் கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சிறிய பல்கலைக்கழக ஊர் என்றால் 5,000 டாலர், பாஸ்டன் அல்லது சான் பிரான்சிஸ்கோ பக்கம் என்றால் அதைவிட நன்றாகவே கூட. இதில் பெரும்பகுதி வீட்டுக்குப் போகும். நம் ஊரில் அட்வான்ஸ் என்று சொல்வதை அங்கே செக்யூரிட்டி டெபாசிட் என்பார்கள். அதோடு முதல் மாத வாடகை, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பார்கள்.

இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் வெளிநாட்டு நோட்டாக எடுத்துச் செல்ல முடியும். மிச்சத்தைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது அங்கே கணக்குத் திறந்தபின் வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம். ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் வரிப் பிடித்தம் இல்லை. இந்தியக் கிரெடிட் கார்டை அங்கே தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை போகும் என்பதால் அதை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் வீட்டில் இல்லை என்றால், தனிநபர் கடனைக் காட்டிலும் வங்கியில் நகைக்கடன் வாங்குவதே பெரும்பாலும் மலிவு. எனக்கு அம்மாவின் நான்கு வளையல்கள்தான் விமான டிக்கெட்டும் முதல் மாத வாடகையும். ஆனால் மீட்கும் தேதியை எழுதிவைத்துக்கொண்டு, முதல் மூன்று சம்பளத்துக்குள் மீட்டுவிட வேண்டும் என்ற முடிவோடு வைக்க வேண்டும்.

குடிபெயர்வுச் செலவுக்குப் பணம் தருவீர்களா என்று துறையிடம் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அங்கே அது சாதாரணக் கேள்வி. தந்தால் அந்தத் தொகையும் 2018 முதல் சம்பளம் போலவே வரிக்கு உட்படுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் விட்டுச்செல்லும் கணக்குகள்

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான பெமா நோக்கத்தைப் பார்க்கிறது. வேலைக்காக விமானம் ஏறியவுடனேயே பெமாவின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர்க் கிளையில் போய்க் கேட்டபோது, “அதெல்லாம் லீவுக்கு வரும்போது பாத்துக்கலாம் தம்பி” என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். லீவுக்கு வந்தபோது அமெரிக்க முகவரிச் சான்று, விசா நகல், எந்த நாட்டு வரிக்கு உட்பட்டவர் என்ற உறுதிமொழி என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு மூன்று நாள் அலைந்தேன். கேட்டதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

என்ஆர்ஓ கணக்கில் இந்திய வருமானம் வரலாம், வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் தீர்வையும் பிடிப்பார்கள்; உங்கள் வரி அதைவிடக் குறைவு என்றால் வருமான வரித் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அமெரிக்காவிலிருந்து அனுப்பும் சேமிப்புக்கு என்ஆர்இ கணக்கு தனியாகத் திறந்துகொள்ளுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, முழுப் பணத்தையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே எடுத்துச் செல்லலாம். பிபிஎப் கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது. மியூச்சுவல் பண்டுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கைப்பேசி எண் தனிக் கதை. வங்கி, ஆதார், வருமான வரித் தளம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் செத்தால் கணக்கு இருந்தும் இல்லாத மாதிரி. குறைந்தபட்ச ரீசார்ஜைத் தம்பி தங்கையிடம் ஒப்படைத்து, சர்வதேச ரோமிங் வசதியையும் கிளம்பும் முன்பே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொத்து விவகாரம் ஏதேனும் நிலுவையில் இருந்தால் அதிகாரப் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே எழுதிப் பதிந்துவிடுவது, பிறகு தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இறங்கிய முதல் மாதம்

வங்கிக் கணக்குத் திறப்பது எளிது. கடவுச்சீட்டு, டிஎஸ்-2019, வேலைக் கடிதம் இருந்தால் பெரும்பாலான இடங்களில் அன்றே முடிந்துவிடும். வீடு கிடைப்பதுதான் கடினம். உங்கள் இந்தியக் கடன் வரலாறு அங்கே செல்லாது; வாடகைக்கு விடுபவர் உங்கள் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. வேலைக் கடிதத்தைக் காட்டியோ, ஊரை விட்டுப் போகும் இன்னொரு ஆராய்ச்சியாளரின் மீதிக் குத்தகையை எடுத்துக்கொண்டோதான் பெரும்பாலோர் முதல் ஆறு மாதத்தைக் கடக்கிறார்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு யார் கேட்டாலும் முன்பணம் அனுப்பாதீர்கள். வங்கியில் 300 டாலர் போல ஈடு வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, காய்கறிக் கடையில் மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவந்தால் ஆறு மாதத்தில் கடன் மதிப்பெண் உருவாகிவிடும்.

மருத்துவக் காப்பீட்டில் மறுபடியும் தேதி வருகிறது. ஜே-1 விதிப்படி, படிவத்தில் உள்ள தொடக்க நாளிலிருந்தே உங்களுக்கும் உடன் வரும் குடும்பத்தினருக்கும் காப்பீடு இருக்க வேண்டும்: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், அவசரமாகத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்ல 50,000 டாலர், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர், நாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை ஒரு நோய்க்கு 500 டாலருக்கு மிகாமல். ஆனால் வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீடு பல இடங்களில் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதிதான் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களுக்குத் தனியாக ஒரு குறுகிய காலக் காப்பீடு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில்தான் பல் வலியும் சைக்கிள் விபத்தும் வரும்.

இன்னொன்று: மருத்துவமனைப் பில் வந்தவுடன் பணம் கட்டாதீர்கள். கதவில் விரல் நசுங்கி எக்ஸ்ரே எடுத்ததற்கு எனக்கு முதலில் வந்த காகிதத்தில் 1,180 டாலர் என்று இருந்தது. பதறிப்போய்க் கட்டப்போன என்னை ஆய்வகத் தோழி ஒருத்தி தடுத்து, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து செலவு விளக்கச் சீட்டு வரும் வரை பொறுக்கச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து வந்த அந்தச் சீட்டில், ஒப்பந்தத் தள்ளுபடியும் காப்பீட்டின் பங்கும் போக என் பங்கு 240 டாலர் என்று இருந்தது.

ஈராண்டு வரிவிலக்கு என்னும் இனிப்பும் அதன் உள்ளே இருக்கும் முள்ளும்

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆராயவோ இந்தியாவிலிருந்து வருபவரின் சம்பளத்துக்கு முதன்முதலில் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அமெரிக்கக் கூட்டாட்சி வரியிலிருந்து விலக்கு தருகிறது. இதைப் பெற ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டும் படிவம் 8233ஐ நிரப்பிச் சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும்; ஜனவரியில் மறந்தால் ஜனவரிச் சம்பளத்திலிருந்தே வரி பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். விலக்குப் பெற்ற தொகைக்கு ஆண்டு முடிவில் 1042-எஸ் என்ற சீட்டு வரும். விலக்குப் பெறாத தொகைக்கு டபிள்யூ-2.

முள் எங்கே இருக்கிறது என்றால், அந்தப் பிரிவு இரண்டு ஆண்டுக்கு மிகாமல் வருகை தருபவருக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. தங்குவது இரண்டு ஆண்டைத் தாண்டினால், தாண்டிய நாட்களுக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே விலக்கு இல்லை என்பது அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தன் வெளியீட்டில் சொல்லும் நிலை. ஆண்டுக்கு 60,000 டாலர் வாங்கும் தனி ஆளுக்கு, 2025ஆம் ஆண்டின் விகிதப்படி, அங்கே வசிக்காதவராகத் தாக்கல் செய்யும்போது வரும் வரி சுமார் 8,100 டாலர். இரண்டு ஆண்டுக்கு 16,000 டாலருக்கும் மேல், அதோடு வட்டி. கடிதத்தில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று எழுதியிருந்தால், அல்லது இரண்டு ஆண்டு முடிந்து அங்கேயே அடுத்த வேலை தேடும் எண்ணம் இருந்தால், இந்த விலக்கைக் கேட்காமல் வரியைக் கட்டிவிடுவதே நிம்மதி என்பது என் கருத்து. ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் வரியே கட்டவில்லை என்று சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்தான். கேட்டே தீருவது என்றால், மாதந்தோறும் 675 டாலரைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, இரண்டு ஆண்டுக்குள் நாடு திரும்பும் வரை அதை உங்கள் பணமாக நினைக்காதீர்கள்.

மாநில வரி வேறு. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்த விலக்கை ஏற்பதில்லை; கூட்டாட்சி வரி சுழியம் என்றாலும் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். டெக்சாஸ், புளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது.

இந்த ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாத, ஆனால் முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிட வேண்டிய இன்னொன்று உண்டு. என் முதல் சீட்டில் மொத்தச் சம்பளம் 5,000 டாலர் என்பதற்கு அடுத்து இரண்டு பிடித்தங்கள் இருந்தன: ஓஏஎஸ்டிஐ 310.00, மெடிகேர் 72.50. முன்னது சோஷியல் செக்யூரிட்டிக்கான 6.2 சதவீதம், பின்னது 1.45 சதவீதம். ஜே-1 விசாவில் முதல் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்கு இவை இரண்டுமே பிடிக்கப்படக் கூடாதவை. எல்லோருக்கும் பிடிப்பதுதானே என்று நினைத்து நான் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். பிறகு சம்பளப் பிரிவுக்கு எழுதியபோது, என் விசா வகையைக் கணினியில் தவறாகக் குறித்திருந்தது தெரியவந்து, 1,530 டாலரைத் திருப்பித் தந்தார்கள். முதலாளி திருப்பித் தர மறுத்தால் படிவம் 843ஐயும் 8316ஐயும் நேரடியாக ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பணம் ஓய்வூதியமாகத் திரும்பி வரும் என்ற ஆறுதலும் நமக்கு இல்லை: அங்கே ஓய்வூதியத் தகுதிக்கு 40 கிரெடிட், அதாவது குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு வேண்டும்; அந்த ஆண்டுகளை நம் பணிக்காலத்தோடு சேர்த்து எண்ணிக்கொள்ள இரு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை. ஆகஸ்டில் இறங்கியவருக்கு 17 மாதம், அதாவது சுமார் 6,500 டாலர் இப்படி மிஞ்சும்; பிப்ரவரியில் இறங்கியவருக்கு 23 மாதம், சுமார் 8,800 டாலர்.

முதல் இரண்டு ஆண்டுகளில் தாக்கல் செய்ய வேண்டியது படிவம் 1040-என்ஆர், கூடவே 8843. பொதுவாக ஏப்ரல் 15க்குள். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் பிரபலமான வரி மென்பொருள்கள் சாதாரண 1040ஐ நிரப்பித் தருபவை. அவற்றில் நுழைந்தால் நமக்கு உரிமையில்லாத நிலைக்கழிவைத் தாமாகவே கழித்து, பெரிய தொகை திரும்ப வரும் என்று காட்டும். அது நம் பணமில்லை. ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் இந்திய மாணவர்களுக்கு அந்தக் கழிவு உண்டு என்பதை எங்கோ கேட்டு ஆராய்ச்சியாளர்களும் எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்ப்ரின்டாக்ஸ், கிளேசியர் போன்ற, வசிக்காதவர்களுக்கான மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே தருகின்றன.

மூன்றாம் ஆண்டில் மாறுபவை

மூன்றாம் நாட்காட்டி ஆண்டில் 183 நாட்கள் அங்கே இருந்துவிட்டால், வரிக் கணக்கில் நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர். நிலைக்கழிவு கிடைக்கும் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ஆண்டு முதல் இந்திய வருமானமும் அங்கே வரிக்கு வருகிறது: இந்தியாவில் வரியில்லாத என்ஆர்இ வட்டிக்கும் பிபிஎப் வட்டிக்கும்கூட அமெரிக்காவில் விலக்கு இல்லை. இந்திய மியூச்சுவல் பண்டுகள் அங்கே தனி வகைக் கடுமையான வரிக்கு உட்படுபவை. ஒவ்வொரு பண்டுக்கும் படிவம் 8621 என்று காகிதம் பெருகும். சிறுசிறு எஸ்ஐபிகள் இருந்தால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் விற்றுவிட்டு வேறு இடத்தில் வைப்பதே மேல்.

அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எப்பார் எனப்படும் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வரி ஏதும் இல்லை, வெறும் அறிவிப்புதான். ஆனால் செய்யத் தவறினால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர்களில் போகும். நம்மவர்கள் தவறவிடுவது சொந்தக் கணக்கை அல்ல. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலோ வைப்பு நிதியிலோ, இருவரில் யாராவது எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு, உங்கள் பெயரையும் என்றோ சேர்த்திருப்பார்கள். அதில் ஒரு ரூபாய்கூட உங்களுடையது இல்லாவிட்டாலும் அதன் முழு இருப்பும் உங்கள் 10,000 டாலர் கணக்கில் சேரும். கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து எந்தெந்தப் பாஸ்புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, தேவையில்லாத இடங்களில் பெயரை நீக்கி நாமினியாக மட்டும் இருந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அவர்கள் தரும் டாலர் விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கட்டணமே இல்லை என்பவர்கள் அதில்தான் எடுக்கிறார்கள். 2026 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 1 சதவீத அனுப்பு வரி ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்புவதற்குத்தான்; அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை.

திரும்பும் தேதி

நிரந்தரமாகத் திரும்புபவருக்கு இந்தியாவில் 182 நாள் சலுகை இல்லை. அந்த நிதியாண்டில் 60 நாட்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இந்தியாவில் இருந்திருந்தாலே உள்நாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவார். இரண்டு ஆண்டுக்கு முன்தான் கிளம்பியவருக்கு அந்த 365 தானாகவே நிறைந்திருக்கும். பிப்ரவரி 1ஆம் தேதி வந்திறங்கினால் மார்ச் 31 வரை 59 நாட்கள், லீப் ஆண்டு என்றால் 60. அதே நிதியாண்டில் தீபாவளிக்கு வந்து போன நாட்களும் இதில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் போய், ஒப்பந்த விலக்கையும் பெற்று, ஈராண்டுக் கெடுவுக்காக ஆகஸ்டிலேயே திரும்புபவருக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான அமெரிக்கச் சம்பளம் இந்தியாவில் வரிக்கு வரும். அதைத் தவிர்க்கப் பிப்ரவரி வரை தங்கினால் அங்கே முழு விலக்கும் போய்விடும். இரண்டில் ஆகஸ்டில் திரும்புவதுதான் பெரும்பாலும் குறைந்த நட்டம், ஆனால் அந்த வரிக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் போய், ஈராண்டு முடியும் முன் பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்புபவருக்கு, அந்த நிதியாண்டின் நாட்கள் 60ஐ எட்டாதவரை, இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

கிளம்பும் அவசரத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். கடைசி ஆண்டுக்கான வரித் தாக்கல் அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வரும். திரும்ப வர வேண்டிய வரியும் அந்தக் கணக்குக்குத்தான் வந்து சேரும். வீட்டு டெபாசிட்டையும் பல இடங்களில் காலி செய்த சில வாரங்கள் கழித்துக் காசோலையாகத் தபாலில்தான் அனுப்புகிறார்கள். நான் ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த அந்த 900 டாலர் காசோலையை எந்தக் கிளையிலும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அதைப் படம் பிடித்து அமெரிக்க வங்கியின் செயலி வழியாகச் செலுத்த முடிந்தது, கணக்கை மூடாமல் வைத்திருந்ததால்.